சந்தனத்துக்கு அடியில் இருந்த எண்

எங்கள் கடையில் என் வேலை அண்ணன் குரலை அழிப்பது. காவடி, காதுகுத்து, கல்யாணம் எதுவாக இருந்தாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது அவன். திரும்பி வந்ததும் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, சி.டி.யாக்கித் தருவது நான். அவனுக்குப் படம் எடுக்கும்போது வாய் சும்மா இருக்காது. "இப்டிப் பாருங்க", "பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்கங்க", "பாப்பாவ யாராவது வாங்கிக்கங்க" என்று பேசிக்கொண்டே இருப்பான். அந்த இடங்களையெல்லாம் மௌஸால் பிடித்து, சத்தத்தைக் கீழே இழுத்துவிட்டு, மேலே நாதஸ்வரம் போடுவேன். ஒன்றிரண்டு விட்டுப்போனால் சி.டி. திரும்பி வந்துவிடும். "கேமராக்காரர் சத்தம் வருதும்மா" என்பார்கள்.

அவன் முகமும் எந்தப் படத்திலும் இல்லை. இது அவன் செத்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பேனர் அடிக்கிறவர் போட்டோ கேட்டார். ஊரில் பாதி வீட்டு விசேஷத்தை எடுத்தவனுக்கு லைசன்ஸில் ஒட்டியிருந்த ஒரு சின்னப் படம்தான் கிடைத்தது. அதைப் பெரிதாக்கினால் கண் இரண்டும் கலங்கிப்போய் யாரோ மாதிரி இருந்தது. அதுதான் இப்போதும் கடைச் சுவரில் மாலையோடு தொங்குகிறது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்ததில்லை.

கடை மலைக்கோயிலுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டர் அவன் கையால் சேர்த்தது. ஒவ்வொரு பாகமாக வாங்கிவந்து மாட்டினான். சப்ளை மட்டும் அதற்கு முன்பு இருந்த பழைய கம்ப்யூட்டரில் இருந்து எடுத்தது. சப்ளை என்றால், சுவரில் இருந்து வருகிற கரண்டை வாங்கி, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. அதன் வாயிலிருந்து மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாகக் கம்பிகள் கொத்தாக வரும். நான் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் எந்த எழுத்துக் கூட்டத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். அவன் அப்படித்தான் எனக்குப் பழக்கிவிட்டான்.

கடைசியாக மெட்ராஸ் போனபோது ரிச்சி தெருவில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிவந்தான். புதுக் கேமரா படமெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் விக்கி விக்கி ஓடியது. இந்தக் கார்டைப் போட்டால் ஓடும் என்றான். அட்டைப்பெட்டி மேல் கத்தி பிடித்த ஒருத்தி கண் சிவக்க நின்றாள். அம்மா அதைப் பார்த்து, "இது எந்த ஊரு அம்மன்டா?" என்று கேட்டாள்.

கார்டை வெளியே எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். அதன் பின்பக்கம் ஆறு ஓட்டை உள்ள ஒரு வாய் இருந்தது. அதற்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டுமாம். கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி சப்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இதுக்கு அது தாங்காது. அப்புறம் பாத்துக்கலாம்" என்று கார்டைத் திரும்பப் பெட்டியில் வைத்து அலமாரி மேல் ஏற்றிவிட்டான்.

அடுத்து வந்தது ஆயுத பூஜை. எங்கள் மலையில் கொடுக்கிற சந்தனத்தை நாங்கள் நெற்றியில் வைப்பதில்லை. தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். அது மருந்து. காய்ச்சல், வயிற்றுவலி எதுவானாலும் அம்மா முதலில் அதைத்தான் கரைப்பாள். அந்த வருஷம் பூஜைக்குப் பொட்டு வைக்க வெளியே வாங்குகிற சந்தனம் தீர்ந்துபோயிருந்தது. அண்ணன் மலைச் சந்தனத்தை எடுத்துக் கேமராவுக்கு வைத்தான், மானிட்டருக்கு வைத்தான். பிறகு கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைத் திறந்து, உள்ளே சப்ளை மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் விரல் அழுந்தப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தான்.

அடுத்த மாதம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அம்மா சந்தனம் தேடினாள். டப்பாவில் அடி மட்டும்தான் இருந்தது. அதை வழித்துக் கரைத்துக் கொடுத்தாள். கீழாநெல்லி கொடுத்தாள். அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து வேன் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தோம்.

அவன் போன பிறகும் கடையைத் திறந்தேன். எடுத்துவைத்த படங்கள் நிறைய பாக்கி இருந்தன. அவற்றில் எல்லாம் அவன் பேசிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாக அவன் சத்தத்தைக் கீழே இழுத்தேன். வேறு என்ன செய்வது, சி.டி. கேட்டு ஆள் வந்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைக்க மனசு வராது. சப்ளைக்குள் ஓடுகிற காத்தாடி சத்தம், அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுகிற மாதிரியே இருக்கும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டு வைத்திருந்தேன். பார்க்காத வரைக்கும் அவன் நிற்பான்.

ஒரு நாள் திரையில் கோடு கோடாக வந்தது. இரண்டு நாளில் திரை மொத்தமாக இருட்டாகிவிட்டது. வேறு மானிட்டர் இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். அதுவும் இருட்டு. ஆனால் கம்ப்யூட்டர் சாகவில்லை. பட்டனை அழுத்தினால் காத்தாடி ஓடியது, சின்ன விளக்கு எரிந்தது, ஸ்பீக்கரில் தொடக்க இசை வந்தது. படம் காட்டுகிற இடம் மட்டும் உள்ளே போய்விட்டது.

எனக்குத் திரை தேவைப்படவில்லை. எந்தப் பட்டனை எத்தனை தரம் தட்டினால் எங்கே போகும் என்று விரலுக்குத் தெரியும். மத்தியான நேரம், கடையில் யாரும் இல்லை. அந்த இருட்டுக்குள் தட்டிக்கொண்டே போனேன். ஆயுத பூஜை அன்றைக்கு அவன் விளையாட்டாக எடுத்தது ஒன்று இருந்தது. டேப்பில் இருந்து நான்தான் ஏற்றினேன், வேறு வேலை பார்த்துக்கொண்டே. ஒழுங்காகப் பார்த்ததுகூட இல்லை. அந்த டேப் மேல் அவன் அப்புறம் யாரோ வீட்டுக் கல்யாணத்தை எடுத்துவிட்டான். எண்டரைத் தட்டினேன்.

கறுப்புத் திரையில் இருந்து அவன் பேசினான்.

"எம்மா, இந்தப் பக்கம் பாரு. இங்க."

"குடிக்கிற சந்தனத்தப் போயி பொட்டிக்குப் பூசிகினு கீறியே, உனக்குப் புத்தி கீதா?"

"அதுக்கு வாய் இல்லம்மா. அதான் பூசறேன்."

பிறகு அவன் சிரிப்பு.

கடை வாசலில் டங்கென்று ஒரு சத்தம். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மா, தூக்குவாளியைப் படியில் வைத்துவிட்டு நின்றிருந்தாள். அவள் கத்தவில்லை. கடைக்குள் ஒவ்வொரு மூலையாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"எங்க கீறான்?"

நான் ஒயரைப் பிடுங்கினேன்.

அன்று சாயந்திரம் நைனா கழனியில் இருந்து வந்ததும் அம்மா சொல்லிவிட்டாள். "அந்தப் பொட்டி இனி கடையில இருக்கக் கூடாது. எம்புள்ளைக்குச் சேர வேண்டிய மருந்த அது வாங்கிக்கினு அவன அனுப்பிடுச்சி. இப்ப அவன் பேச்சையும் உள்ள வச்சிகினு கீது."

நைனா கால் கழுவிக்கொண்டே கேட்டார். அவர் எதையும் சட்டென்று சொல்ல மாட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"படம் வருமா, வராதா?"

"அண்ணன் வாங்குன கார்டு கீது நைனா. அத மாட்டினா வரும்."

"வந்தா வச்சிக்கோ. ஆடிக் கிருத்திகைக்கு வேல செய். வரலன்னா உங்க பாவா வந்து தூக்கிகினு போட்டும், கடைய மூடிடலாம். இருட்டுல பேசிகினு கெடக்கறது மட்டும் வேணாம்."

பாவா என்றால் என் அத்தை மகன். அரக்கோணம் ஸ்டேஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் பார்க்கிறான். என்னைவிட இரண்டு வயசு மூத்தவன், வாய் இருபது வயசு மூத்தது. போன் செய்தேன்.

"இன்னா, எட்டாங்கிளாஸ் இன்ஜினியரம்மா. எதனா கொளுத்திட்டியா?"

"கொளுத்தக் கூடாதுன்னுதான் கேக்கறேன். கார்டுக்குத் தனியா கரண்ட்டு வேணுமாம். சப்ளை பழசு. மாட்டலாமா?"

"சப்ளைல இன்னா போட்டுருக்கான்?"

"பெருசா நானூத்தம்பதுன்னு கீது."

"அது சும்மா பந்தாவுக்கு. அத நம்பாத. ஸ்டிக்கர்ல கட்டம் கட்டமா இருக்கும். பன்னெண்டு வோல்ட்டுன்னு ஒரு கட்டம், அதுக்கு நேரா ஒரு நம்பர், பக்கத்துல ஏ எழுத்து. அதான் மஞ்சக் கம்பியோட பலம். கார்டு அதுலதான் சாப்புடும். அத மட்டும் படி."

டார்ச் அடித்துப் பார்த்தேன். சரியாக அந்தக் கட்டத்தின் மேல்தான் அண்ணன் வைத்த பொட்டு இருந்தது. காய்ந்து, வெளுத்து, நடுவில் குங்குமம் கறுத்துப்போய். ஓரத்தில் விரல் ரேகை வளையம் வளையமாகப் பதிந்திருந்தது. பூஜை அன்றைக்கு அப்புறம் அந்தத் தகட்டை யாரும் திறக்கவில்லை. அவன் விரல் அங்கேயே இருந்திருக்கிறது, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன்.

"படிச்சியா?"

"சந்தனம் மூடிகினு கீது."

"தொட."

"அது அண்ணன் வச்ச பொட்டு" என்றேன். அவன் குரல் இறங்கியது. "ஆங், சரி. நீ ஒண்ணும் மாட்டாத. ஞாயித்துக்கெழம வரேன்."

அந்த மூன்று நான்கு நாளும் பக்கத் தகட்டை மூடவே இல்லை. கடைக்குப் போவேன், டார்ச் அடித்து அந்த ரேகையைப் பார்ப்பேன். பக்கவாட்டில் இருந்து எண் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஊதக்கூட பயம். மூச்சுப் பட்டு உதிர்ந்துவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாவா பையோடு வந்தான். அம்மாவிடம் நைனா, அவன் பெட்டியை எடுத்துப் போக வருகிறான் என்று மட்டும் சொல்லியிருந்தார். பாவா ஷட்டரைப் பாதி இறக்கினான். முதலில் படமெல்லாம் இருக்கிற டிஸ்க்கைக் கழற்றி, துணி சுற்றி என் கையில் கொடுத்தான்.

"இத மடியில வச்சிக்கோ. எது வெடிச்சாலும் உங்க அண்ணன் பேச்சு பத்திரமா இருக்கும். வேணும்னா என் கடையில போட்டுக் காட்டறேன், அழாத. அதுக்கு இந்தப் பொட்டி வேணும்னு இல்ல."

அவன் சொன்னது நிஜம்தான். ஆனால் எனக்கு அந்தப் பெட்டிதான் வேண்டும். அண்ணன் சேர்த்த பெட்டியில், அவன் வாங்கிய கார்டில், அவன் எடுத்த படம் தெரிய வேண்டும். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

சப்ளையை வெளியே எடுத்துப் பேப்பர் விரித்து மேஜையில் வைத்தான். பொட்டைப் பார்த்தான். கிண்டல் எதுவும் செய்யவில்லை. கையில் தூக்கிக் கனம் பார்த்தான். "வெயிட் கீது. ஏமாத்துப் பொட்டி இல்ல. பழசு, அவ்ளோதான்."

"தெறந்து உள்ள பாத்தா தெரியாதா?"

"இத மட்டும் தெறக்கவே கூடாது. கரண்ட்ட புடுங்கிட்டாலும் உள்ள கொஞ்சம் வச்சிகினு இருக்கும். கைய வச்சா கடிக்கும்."

பையில் இருந்து ஆட்டோ ஹெட்லைட் பல்பு இரண்டும் வோல்ட் பார்க்கிற ஒரு மீட்டரும் எடுத்தான். கார்டு எவ்வளவு சாப்பிடுமோ ஏறக்குறைய அவ்வளவு ஒரு பல்பு சாப்பிடுமாம். கார்டைப் பலி கொடுப்பதற்குப் பதில் பல்பைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றான். சிவப்புக் கம்பிக்கும் கொஞ்சம் வேலை வேண்டும் என்று ஒரு பழைய டிஸ்க்கை மாட்டினான். சப்ளை தனியாக ஓட வேண்டும் என்று கொத்தில் இருந்த ஒரே பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் சின்னக் கம்பித்துண்டால் இணைத்து, சுவிட்சைப் போட்டான்.

காத்தாடி ஓடியது. பல்பு எரிந்தது. பாதி இருட்டுக் கடையில் அந்த வெளிச்சம் நேராகச் சுவரில் இருந்த அண்ணன் படத்தின் மேல் விழுந்தது. கலங்கிய கண் இரண்டும் வெளுத்துப்போய், கண்ணே இல்லாத மாதிரி ஆனது. நான் பல்பைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.

மீட்டரில் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. "ஒண்ணு தாங்குது" என்றான் பாவா. இரண்டாவது பல்பைக் கையில் எடுத்துவிட்டு யோசித்தான். "பிராசஸருக்கு ஒரு பல்பு, கார்டுக்கு ஒரு பல்பு. ரெண்டும் சேந்து எரியணும். ஆனா நம்பர் தெரியாம இத மாட்ட மாட்டேன். அளவுக்கு மேல இழுத்தா இன்னிக்கு எரியும், நாளைக்கு கூட எரியும். காவடி நேரத்துல ஒரு நாள் போவும். போகும்போது தனியா போகாது, பக்கத்துல கீற எல்லாத்தையும் இழுத்துகினு போவும்."

"அதெல்லாம் போவாது. மாட்டு" என்றேன்.

"அப்ப தொட."

"அத மட்டும் தொடாத."

"ரெண்டுல ஒண்ணு சொல்லு. பொட்டு வேணுமா, பொட்டி வேணுமா?"

பல்பு எரிந்துகொண்டே இருந்தது. சப்ளை மெல்ல சூடானது. அப்போது ஒரு வாசனை வந்தது. முதலில் நான் என் மனப்பிராந்தி என்றுதான் நினைத்தேன். பாவாவும் மூக்கை உறிஞ்சினான். சூடு பட்டு அந்தக் காய்ந்த பொட்டில் இருந்து சந்தனம் மணந்தது. பூஜை அன்று காலை, தலைக்குக் குளித்துவிட்டு அவன் கடைக்குள் வந்தபோது இருந்த அதே வாசனை.

ஷட்டருக்கு அடியில் குனிந்து அம்மா உள்ளே வந்தாள். பெட்டி போவதைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள்.

"யாரு சந்தனம் கரைச்சது?"

"யாரும் கரைக்கல அத்தே" என்றான் பாவா. "பொட்டி சூடாச்சி. உங்க புள்ள வச்ச பொட்டு. நம்பர மறைச்சிகினு கீது. தொடச்சா இந்த கார்ட இது தாங்குமா, தாங்காதான்னு தெரியும். உங்க பொண்ணு தொடச்சா கைய ஒடிப்பேங்குது."

அம்மா மேஜை பக்கத்தில் வந்து பார்த்தாள். ரேகையைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"வாய் இல்லன்னானே" என்றாள், மெதுவாக. பிறகு என்னிடம், "ஒரு டம்ளர்ல தண்ணி எடு."

"அத்தே, இருங்க, கரண்ட்டு." பாவா பாய்ந்து சுவிட்சை அணைத்து ஒயரைப் பிடுங்கினான். காத்தாடி சுற்றி நிற்கிற வரை கையைக் குறுக்கே வைத்திருந்தான். "இப்ப தொடுங்க. மேல மட்டும்."

அம்மா கட்டை விரல் நகத்தால் பொட்டின் ஓரத்தைக் கிளப்பினாள். குங்குமத்தோடு ஒரு வில்லையாக வந்தது. மிச்சத்தைச் சுரண்டி, ஒரு துகள் கீழே விழாமல் டம்ளரில் போட்டு, விரலால் கலக்கினாள். பாதியைக் குடித்தாள். மீதியை என்னிடம் நீட்டினாள். நான் டிஸ்க்கை மடியில் அழுத்திக்கொண்டு வாங்கிக் குடித்தேன். தூசியும் கசப்புமாக இருந்தது.

"எனக்கு மிச்சம் கீதா?" என்றான் பாவா.

"உனுக்கு இன்னா நோவு?" என்றாள் அம்மா.

எல்லோரும் ஸ்டிக்கரைப் பார்த்தோம். பாவா குனிந்து படித்தான். "செவப்புக்கு முப்பது. மஞ்சளுக்குப் பத்து. அந்தக் காலத்துப் பொட்டி, அப்ப எல்லாமே செவப்புலதான் சாப்புட்டுகினு இருந்துச்சி. இப்ப பிராசஸர் மட்டுமே மஞ்சள்ல ஆறு ஏழு கேக்கும். கார்டு ஒரு அஞ்சு கேக்கும். நீயே கூட்டிக்கோ." பிறகு நிமிர்ந்தான். "தாங்காது."

அண்ணன் சொன்ன அதே சொல். நான் அதை அம்மாவிடம் சொன்னேன், கார்டு வாங்கி வந்த அன்றைக்கே அவன் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் ஏற்றினான் என்று.

அம்மா யோசித்தாள். "அப்ப இதுக்குப் பலம் இல்லன்னு அவனுக்குத் தெரியும்."

"ஆங்."

"தெரிஞ்சிதான் அதும்மேல மருந்து வச்சிருக்கான்." தலையை ஆட்டிக்கொண்டே டம்ளரைத் தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரையும் குடித்தாள். "பைத்தியக்காரன்" என்றாள். பாவாவிடம், "பொட்டிய எங்கயும் எடுத்துப் போவாத. பலம் கீறதா ஒண்ணு வாங்கியாந்து மாட்டு. மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அடுத்த வாரம் புதுச் சப்ளை வந்தது. அதில் ஆறு ஓட்டை வாய்க்கென்றே தனிக் கம்பி இருந்தது. கார்டோடு வந்த இரட்டை வாய்க் கம்பி வேண்டியிருக்கவில்லை. பாவா அதை என்னிடம் கொடுத்து, "எப்பயாவது இத மாட்டற மாதிரி வந்தா, ரெண்டு வாயையும் ஒரே கம்பியில மாட்டிடாத. சப்ளைல இருந்து தனித்தனியா வர ரெண்டு கம்பியில மாட்டு. இல்லன்னா கம்பி உருகும்" என்றான். கார்டைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினான். கம்பியை என்னையே மாட்டச் சொன்னான். ஒரு வாரமாக வீட்டில் வைத்திருந்த டிஸ்க்கை மடியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அம்மா என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

பட்டனை அழுத்தினேன். காத்தாடி ஓடியது. புதுக் காத்தாடி, சத்தமே இல்லை. முதுகுக்குப் பின்னால் யாரும் மூச்சு விடவில்லை. திரை இருட்டாகவே இருந்தது.

"போச்சி" என்றேன்.

"மானிட்டர் கம்பிய எங்க மாட்டுன?"

பழக்கத்தில் பழைய ஓட்டையிலேயே சொருகியிருந்தேன். பாவா தலையில் அடித்துக்கொண்டான். கம்பியைப் பிடுங்கிக் கார்டில் மாட்டினேன். திரை வெளுத்தது.

அந்தப் படத்தைத் திறந்தேன். முதலில் கடைக் கூரை ஆடியது. பிறகு அம்மா முகம், போன வருஷத்து முகம், பூ வைத்துக்கொண்டு.

"எம்மா, இந்தப் பக்கம் பாரு. இங்க."

ஸ்டூலில் இருந்த அம்மா சட்டென்று திரும்பி, எங்களுக்குப் பின்னால் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினாள்.

திரையில் அவள் திட்டினாள். கேமரா கீழே சாய்ந்து, திறந்த பெட்டியின் உள்ளே போனது. ஸ்டிக்கர் மங்கலாகத் தெரிந்தது. அப்போது ஓரத்தில் இருந்து ஒரு கை உள்ளே வந்தது. எனக்கு இது தெரியாது. இவ்வளவு நாளும் இது உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது. அவன் இடது கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டியிருக்கிறான். மோதிர விரல் நிறையச் சந்தனம். சப்ளை மேல் வைத்து அழுத்தி, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தான்.

"நகம் வெட்டாம கீறான் பாரு" என்றாள் அம்மா.

"அதுக்கு வாய் இல்லம்மா" என்றான் அவன். என் கை பழக்கத்தில் சத்தத்தைக் கீழே இழுக்கிற கோட்டுக்குப் போயிருந்தது. மௌஸை விட்டுவிட்டேன். அவன் சிரித்து முடிக்கட்டும்.